பதினைந்து வயதுக்கு ஓர் அலமாரி

தமிழ்நாட்டில் எந்தக் கிளை நூலகத்துக்குள் நுழைந்தாலும் அறையின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். வாசலை ஒட்டி நாளிதழ் மேசை, அதைச் சுற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள். காற்றாடிக்குக் கீழே போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். உள்ளே இரவல் பகுதியில் நாவல், கவிதை, வரலாறு, சமையல், சோதிடம். ஒரு மூலையில் சுவரெல்லாம் முயலும் யானையும் வரைந்து, முழங்கால் உயர நாற்காலிகள் போட்ட குழந்தைகள் பகுதி. எட்டு வயதுக்கு அங்கே இடம் உண்டு, எழுபது வயதுக்கும் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் எங்கே போய் உட்காருவாள்? முயல் படத்துக்குக் கீழே உட்கார அவளுக்கு வெட்கம். பெரியவர்களின் நாவல் வரிசையில் நின்றால், "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று யாராவது கேட்பார்கள். வாசலோடு திரும்பிப் போய்விடுவாள்.

கரிசல் பக்கத்துச் சிற்றூர்களின் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். நூலக வரலாறு எழுதுகிறவர்கள் கட்டடங்களையும் சட்டங்களையும் எழுதுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் இந்த வரலாற்றில் எங்கே நின்றாள், என்ன படித்தாள் என்று எழுத எனக்கு ஆசை. பணிக்காலம் முழுக்க நான் தேடித் தேடிப் படித்ததும் அவள் வயதுக்கான கதைகளைத்தான்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்காக லண்டன் போனார். கிராய்டன் நகர நூலகத்தை நடத்திய பெர்விக் சேயர்ஸிடம் தொழில் கற்றார். சேயர்ஸ் குழந்தைகளுக்கான நூலகங்களைப் பற்றித் தனியாகவே புத்தகம் எழுதியவர். ஊர் திரும்பிய ரங்கநாதன் 1928இல் சென்னை நூலகச் சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பத் தொடங்கினார். 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகி, அந்தப் பணத்தில் சிற்றூர்களிலும் நூலகங்கள் திறந்தன.

ரங்கநாதனின் மூன்றாவது விதி, எந்த நூலும் தனக்குரிய வாசகரிடம் போய்ச் சேர வேண்டும் என்பது. நூலகத் தேர்வுக்காக எல்லோரும் மனப்பாடம் செய்த விதி. நூல்கள் தாமாக நடந்து போகாது, யாராவது ஒருவர் அந்த நூலைப் படித்திருக்க வேண்டும், எதிரே நிற்கும் பிள்ளையின் முகத்தையும் படித்திருக்க வேண்டும் என்பது எனக்கு வேலையில் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

எனக்கு வாசிப்பு வந்தது நூலகத்திலிருந்து இல்லை. அப்பா சிவகாசி அச்சகம் ஒன்றில் பைண்டிங் வேலை பார்த்தார். காலண்டர், தீப்பெட்டி லேபிள், நோட்டு அட்டை என்று எல்லாம் ஓடும் அச்சகம். மை சரியாக ஏறாத வேஸ்ட் தாள்களை அடுப்பு மேடைக்கும் பரணுக்கும் விரிக்க வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒருநாள் வந்த கட்டு முழுக்கக் காமிக்ஸ். மடித்து வெட்டாத தாளில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. தாளின் ஒவ்வொரு புறமும் எட்டுப் பக்கம் அச்சாகியிருக்கும். அதில் நாலு நேராகவும் நாலு தலைகீழாகவும் இருக்கும். ஐந்தாம் பக்கத்துக்கு அடுத்து பன்னிரண்டாம் பக்கம் நிற்கும். நானும் என் அண்ணனும் தாளைத் தரையில் விரித்து, அதைச் சுற்றித் தவழ்ந்து தவழ்ந்து கதையைப் பிடிப்போம். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் மிதந்து போகும் படத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டம் எந்த மூலையில் இருக்கிறதென்று தேடுவோம். முடிவு இருக்கும் தாள் பெரும்பாலும் வராது. முடிவை நாங்களே சொல்லிக்கொள்வோம்.

அந்த இரும்புக்கை மாயாவியோடுதான் 1972இல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து தொடங்கியது. இங்கிலாந்தில் 1962 முதல் வேலியண்ட் வார இதழில் வந்த படக்கதை, முல்லை தங்கராசன் போன்றவர்களின் கையில் தமிழ் பேசியது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. லயனின் ஆசிரியர் விஜயன் அதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 17. தன் வாசகர்களின் வயதிலேயே ஆசிரியராக இருந்தவர் அவர். வாசகர் கடிதங்களுக்கு அவர் எழுதிய பதில்களில் அந்தச் சமவயதுத் தோழமை தெரியும். இந்தப் புத்தகங்கள் கை மாறிக் கை மாறி, அட்டை போய், நடுப்பக்கம் போய்ப் பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றின. நான் வேலை பார்த்த எந்த நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டிலும் காமிக்ஸ் ஒன்றுகூட ஏறியதில்லை. ஊரிலுள்ள எல்லாப் பையன்களும் படித்த புத்தகம் ஊர் நூலகத்தில் இல்லை.

1972 என்ற ஆண்டு எனக்கு இன்னொரு விதத்திலும் முக்கியம். முத்து காமிக்ஸும் கல்கி குழுமத்தின் கோகுலமும் தொடங்கிய அந்த ஆண்டில்தான் கலைமகள் நிறுவனத்தின் 'கண்ணன்' நின்றுபோனது. 1950இல் தொடங்கி, எழுத்தாளர் ஆர்.வி.யை ஆசிரியராகக் கொண்டு நடந்த பத்திரிகை. அம்புலிமாமா எல்லா வயதுக்கும் அரசர் கதையும் வேதாளக் கதையும் சொன்னது. கண்ணனோ பள்ளிக்கூடத்தின் மேல்வகுப்புப் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துப் பேசியது. துப்பறியும் தொடர், மலையேற்றம், சாகசம் என்று அவர்கள் வயதுக்கான நீண்ட கதைகளைப் போட்டது, நாவல் போட்டிகளும் வைத்தது. 1960களின் தொடக்கத்தில் அப்படி ஒரு போட்டியில் 'நந்திமலைச் சாரலிலே' என்ற நாவலுக்குப் பரிசு கிடைத்தது. எழுதியவர் சி.எஸ். லக்ஷ்மி. அப்போது பதினாறு வயதை ஒட்டிய பெண். பின்னாளில் 'சிறகுகள் முறியும்' எழுதி, அம்பை என்ற பெயரில் நாம் எல்லோரும் அறிந்த அதே எழுத்தாளர்தான்.

இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஏனென்றால் அதற்கு முன்பே எனக்கு இன்னொரு பெண்ணின் கதை தெரியும். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்துப் பள்ளி மாணவி எஸ்.ஈ. ஹிண்டன், 15 வயதில் எழுதத் தொடங்கி 18 வயதில், 1967இல், 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை வெளியிட்டார். வசதியான வீட்டுப் பையன்களுக்கும் ஏழைத் தெருப் பையன்களுக்கும் நடக்கும் சண்டை, அதில் விழும் உயிர்கள். பெண் எழுதியதென்று தெரிந்தால் விமர்சகர்கள் மதிக்க மாட்டார்கள் என்று பதிப்பகத்தார் முழுப் பெயரைப் போடாமல் முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். இளையோர் இலக்கியம் என்று இன்று உலகம் சொல்லும் வரிசைக்கு அந்தப் புத்தகத்தைத்தான் பலரும் தலைவாசலாகக் காட்டுகிறார்கள்.

டல்சாப் பெண்ணின் புத்தகம் நிலைத்து நின்றது, நம் பெண்ணின் புத்தகம் பழைய வாசகர்கள் சிலரின் நினைவில் மட்டும் தங்கியது. எழுத்தின் தரத்தால் வந்த வேறுபாடு என்று நான் நினைக்கவில்லை. அங்கே அந்தப் புத்தகம் வருவதற்கு முன்பே அதற்கான அலமாரி தயாராக இருந்தது. அதை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுக்க நூலகர்கள் இருந்தார்கள்.

அந்த அலமாரியைச் செய்தவர்களில் ஒருவரைப் பற்றி நூலக அறிவியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. மார்கரெட் எட்வர்ட்ஸ், 1902இல் டெக்சாஸில் பிறந்தவர். லத்தீன் ஆசிரியையாக இருந்துவிட்டு 1932இல் பால்டிமோர் நகரத்தின் ஈனாக் பிராட் நூலகத்தில் சேர்ந்தார். பெரியவர்களுக்கான பகுதியின் ஒரு மூலையில் பதின்வயதினருக்கென்று கொஞ்சம் புத்தகங்களை வைத்து வேலையைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றி, நூலகத்துக்கு வராத தெருக்களுக்குக் கொண்டுபோனார். மேலவாசல் மாட்டுவண்டி அதற்கு முன்பே நம் வயல்வெளிகளில் போய்க்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

குதிரை வண்டியைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அவர் தன் உதவியாளர்களைப் பயிற்றுவித்த முறை. பதின்வயதினர் பிரிவில் வேலை செய்ய வருகிறவர் 300 புத்தகங்களைப் படித்தாக வேண்டும். படித்தேன் என்று கையெழுத்துப் போட்டால் போதாது. சில புத்தகங்களைப் படித்து முடித்ததும் எட்வர்ட்ஸ் எதிரில் உட்கார்ந்து அவற்றைப் பற்றிப் பேச வேண்டும். எந்தப் பிள்ளைக்கு இதைக் கொடுப்பாய், ஏன், கதையை எந்த இடத்தில் நிறுத்தி அவன் ஆசையைக் கிளறுவாய் என்று கேள்வி வரும். அதில் தேறிய பிறகுதான் பிள்ளைகளிடம் போகலாம். பள்ளிக்கூடங்களுக்குப் போய் வகுப்பில் நின்று கதை சொல்லிப் புத்தகத்தை அறிமுகம் செய்வதும் இவர்களின் அன்றாட வேலை. 1957இல் அமெரிக்க நூலகச் சங்கம் இந்தப் பணிக்குத் தனிப் பிரிவே அமைத்தது. 1962இல் ஓய்வுபெற்ற எட்வர்ட்ஸ் 1988இல் மறைந்தார். அதே ஆண்டில் அவர் பெயரால் தொடங்கிய விருதை முதலில் பெற்றவர் ஹிண்டன்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது எனக்குள் ஓடிய கேள்வி ஒன்றுதான். தமிழில் அந்த 300 புத்தகங்கள் எவை? என் வாசிப்பு வாழ்க்கை என்று ஒன்று உண்டென்றால் அது இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதைதான்.

'சிறுவர்' என்ற முத்திரையோடு நூலக ஆணையில் வரும் கட்டுகளைப் பிரித்தால் பெரும்பாலும் நீதிக் கதைகள்தான் இருக்கும். பொய் சொன்னவன் கெட்டான், உழைத்தவன் வாழ்ந்தான். பதினைந்து வயதில் இதைக் கொடுத்தால் பிள்ளை நம்மை நிமிர்ந்து பார்க்காது. தன் தெருவில் பொய் சொன்னவன் மாடி வீடு கட்டியிருப்பதை அது தினமும் பார்க்கிறது. ஆகவே பெரியவர்களின் அலமாரியில் தேடினேன். தேடத் தேட எனக்கு ஆச்சரியம். தமிழின் சிறந்த நாவல்களில் எத்தனையோ பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றியவை. அந்தப் பிள்ளைகளின் கையில் அவை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் கைக்கு வந்தது கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'. இடைசெவல் காட்டில் பறவை முட்டை தேடி அலையும் வெங்கடேசு, பறவைகளைப் பற்றி அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் திருவேதி நாயக்கர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பேசுகிற பேச்சிலேயே எழுதியது. அடுத்தது பூமணியின் 'வெக்கை', 1982இல் வந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம் ஒருவனை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் நாட்கள். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', செகந்திராபாத்தில் வளரும் சந்திரசேகரனின் கதை. கிரிக்கெட், கல்லூரி, ஊரைச் சூழும் கலவரம். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி', பண்ணையில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் உலகம். இரா. நடராசனின் 'ஆயிஷா', கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் மாணவி, அந்த வலி தெரியாமலிருக்கத் தன் உடம்பிலேயே மருந்தைச் செலுத்திப் பார்த்து உயிர்விடும் சிறிய கதை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையும் சேர்த்தேன். ஜீனோ என்ற இயந்திர நாய்க்கு இருக்கும் அறிவும் துணிச்சலும் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகும். வெ. ஸ்ரீராமும் மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்த 'குட்டி இளவரசன்', நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட 'டோட்டோ-சான்', சோவியத் நாட்டிலிருந்து மலிவு விலையில் வந்துகொண்டிருந்து 1991க்குப் பிறகு நின்றுபோன புத்தகங்களில் எங்களிடம் எஞ்சியவை என்று அலமாரி நிரம்பியது. இரவல் மேசைக்குப் பக்கத்தில், நாற்காலி பெரியவர்கள் உயரத்தில் இருக்கும்படி அமைத்தேன். அதற்குப் பெயர்ப்பலகை எதுவும் வைக்கவில்லை. பெயர் வைத்தால் கூச்சப்பட்டு வராமல் போய்விடுவார்கள்.

என்ன நடந்தது என்பதற்கு என்னிடம் இருந்த சான்று, புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தேதித் தாள்தான். 'வெக்கை'யின் தாளில் முதல் சில முத்திரைகள் பல மாத இடைவெளியில் இருந்தன. ஒரு முத்திரைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆண்டே மாறியிருந்தது. அலமாரி மாறிய பிறகு முத்திரைகள் நெருங்கின. ஊதா மையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடம் போதாமல் இரண்டாவது தாள் ஒட்டினேன், பிறகு மூன்றாவது. ஓரங்களில் எண்ணெய் விரல் தடம். 2019இல் அதைத் தழுவி 'அசுரன்' படம் வந்த பிறகு புத்தகம் அலமாரியில் தங்கவே இல்லை. அதற்கு முன்பே அது எங்கள் ஊரில் பிள்ளைகளின் புத்தகமாகிவிட்டது என்பதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

ஒருமுறை ஒரு பையனின் அப்பா அந்தப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, கொலை செஞ்ச பையன் கதையையா படிக்கிற பிள்ளைகிட்ட குடுப்பீக?" கோபமாகத்தான் வந்திருந்தார். உட்காரச் சொல்லி, மகனைத் தேடிக் காட்டுக்குள் வந்து, கிடைத்ததைப் பொங்கிப்போட்டு, அவன் பக்கத்தில் படுத்துக்கொள்கிற ஒரு அப்பா இந்தக் கதையில் இருக்கிறார், அந்தப் பக்கங்களைப் பாருங்கள் என்றேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வந்தார். "அந்த அப்பன் பாவம்மா" என்றார். பிறகு அவரும் உறுப்பினரானார்.

பையனின் கேள்வி வேறு. சிதம்பரமும் அப்பாவும் சரணடையக் கிளம்புவதோடு நாவல் முடிந்துவிடுகிறது. "லைப்ரரி அக்கா, கோர்ட்டுல என்னாச்சு? அதைச் சொல்லலையே?" என்று விடாமல் நச்சரித்தான். நீ என்ன ஆகியிருக்கும்னு நினைக்கிற என்று திருப்பிக் கேட்டேன். வக்கீல் யார், சாட்சி யார், எத்தனை வருஷம் என்று மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக் கதை சொன்னான். நீதிக் கதைக்கு எந்தப் பிள்ளையும் இப்படி மல்லுக்கு நின்று நான் பார்த்ததில்லை.

கடந்த சில ஆண்டுகளாக எனக்கு வாசிப்பில் பெருவிழாதான். இந்த வயதுக்கென்றே எழுதுகிறவர்கள் வந்துவிட்டார்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. சிறுமியர் மீது நடக்கும் பாலியல் சீண்டலை அச்சுறுத்தாமல், மழுப்பாமல் எழுதியிருக்கிறார். அதை எடுத்துப் போன பெண்பிள்ளைகளில் சிலர் திருப்பித் தரும்போது என்னிடம் கொஞ்ச நேரம் நின்று பேசினார்கள். கோவில்பட்டி உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் விருது பெற்றது. இன்றைய சிறுவனையும் பழங்காலக் கீழடியின் ஆதனையும் சந்திக்க வைத்த கதை. பானை ஓட்டில் கீறப்பட்ட ஒரு பெயர் அதில் ஒரு தோழனாகிவிடுகிறது. 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்குக் கிடைத்தது. குழந்தை எழுத்தாளர் சங்கத்தை 1950இல் தொடங்கிய அழ. வள்ளியப்பா, குழந்தை இலக்கியம் பல்கலைக்கழகப் பாடமாக வேண்டும் என்று வாதாடிக்கொண்டே 1989இல் மறைந்தார். இன்று இருந்திருந்தால் இவற்றையெல்லாம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருப்பார்.

குறை உண்டா என்றால் உண்டு. தமிழின் இளையோர் நாவலுக்குக் காதலைக் கண்டால் இன்னும் பயம். பதினாறு வயதில் முதன்முதலாக ஒருவரைப் பிடித்துப்போவது, அது சாதியில் முட்டி நிற்பது, வீட்டில் போனைப் பிடுங்கி வைப்பது, பத்தாம் வகுப்புத் தேர்வோடு ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோவது, தீப்பெட்டி ஆபீசுக்கும் பஞ்சாலை விடுதிக்கும் போய்விட்ட தோழிக்குக் கடிதம் எழுதுவது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வாழ்க்கையில் தினமும் நடப்பவை நாவலாக வரவில்லை. இவற்றைச் சினிமா எடுத்துக்கொண்டது, தன் போக்கில் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருக்கிறது. எழுத்து அந்த இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. மாயமும் பேசும் பொம்மையும் எனக்குப் பிடிக்கும். பேசாத பொம்மை இருக்கும் வீட்டின் கதையும் எனக்கு வேண்டும்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து 300 புத்தகங்களின் தமிழ்ப் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே, எப்படிப்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கலாம், கதையை எந்த இடம் வரை சொல்லலாம் என்று ஒரு பத்தி. எனக்குப் பிறகு அந்த நூலகத்துக்கு வந்திருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பட்டியலைப் படித்துச் சண்டை போடுகிறான். 'பொன்னியின் செல்வன்' ஏன் இல்லை என்று கேட்டான். அதை அவர்களே தேடி எடுத்துக்கொள்வார்கள், நம் உதவி வேண்டாம் என்றேன். காமிக்ஸுக்குத் தனிப் பக்கம் வேண்டும் என்றான். அதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இரும்புக்கை மாயாவியை எந்த வயதுக்கு எதிரே எழுதுவது என்பதில்தான் இழுபறி. அவன் பன்னிரண்டு என்கிறான், நான் ஒன்பது என்கிறேன்.